பப்பாளிக்காயிலிருந்து ராயபுரம் வரை: ஒரு மரபணுவின் கதை

பொங்கல் முடிந்த வாரம் என் அண்ணன் மகன் புழலில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தான். கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு. வெறும் வயிற்றில் 112. குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 168. டாக்டர் "பார்டர்ல இருக்கு" என்று சொன்னாராம். வயது 39.

அவன் அப்பா, அதாவது என் அண்ணன், சர்க்கரை வியாதியில் முதலில் ஒரு கால்விரலை இழந்தார், பிறகு சிறுநீரகம் போயிற்று, 61 வயதில் அவரும் போனார். எங்கள் அப்பாவுக்கும் இருந்தது. எனக்கும் இருபது வருடமாக இருக்கிறது. அதனால் பையன் பயந்துபோய் வந்திருப்பான் என்று நினைத்தேன். அவன் பயப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இது நம்ம குடும்பத்துக்கு எழுதி வச்சது சித்தப்பா. யாரால மாத்த முடியும்? இப்ப ஜீன் டெஸ்ட்னு ஒண்ணு வந்திருக்கு. எச்சில எடுத்து அனுப்பினாப் போதும், வீட்டுக்கே ரிப்போர்ட் வருது. அதுல இருக்குன்னு வந்துட்டா அப்புறம் எதுக்கு வாயக் கட்டணும்? இருக்கற வரைக்கும் சாப்பிட்டுட்டுப் போறேன்."

என் அண்ணனும் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளைத்தான் சொன்னார். எச்சில் டெஸ்ட் மட்டும்தான் அவர் காலத்தில் இல்லை. "தலையெழுத்து" என்று சொல்லிக்கொண்டே அல்வாத் துண்டை வாயில் போட்டுக்கொள்வார். அண்ணி சண்டை போட்டு ஓய்ந்து போனார். எங்கள் அம்மா கடைசிவரை "இது உங்க அப்பா வழி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தியவன் நான். பையனுக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. "ஒரு வாரம் குடு, சொல்றேன்" என்றேன். பழைய குறிப்புகளையும் புதிதாகக் கிடைத்தவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் ஒரு பெரிய பங்கு நம் ராயபுரத்தின் கதை. நம்மில் பலருக்கு அது தெரியாது.

கதை பப்பாளிக்காயில் தொடங்குகிறது.

ஆட்டுக்கறி முற்றலாக வந்துவிட்டால் நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்வார்கள்? ஒரு துண்டு பப்பாளிக்காயை அரிந்து உள்ளே போடுவார்கள். கறி பூப்போல வெந்துவிடும். பப்பாளிக்காயின் பாலில் பப்பெயின் என்ற நொதி இருக்கிறது. நொதி என்றால் உடம்பில் நடக்கும் வேதிவினைகளை வேகப்படுத்தும் பொருள். பப்பெயினின் வேலை புரதத்தை வெட்டுவது. கறி என்பது பெரும்பாலும் புரதம்தானே.

இதே போன்ற கத்தி நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கிறது. அப்படியிருந்தும் நாம் ஏன் பப்பாளி போட்ட கறி போலக் கரைந்துவிடவில்லை? ஏனென்றால் இந்தக் கத்தி சும்மா வெட்டாது. கால்சியம் வந்து தொட்டால்தான் வெட்டும்.

இதை முதலில் கண்டவர் கார்டன் குரோஃப் என்ற அமெரிக்க விஞ்ஞானி. 1964-ல் எலியின் மூளையிலிருந்து எடுத்த சாற்றில், கால்சியம் சேர்த்தால் மட்டும் புரதத்தை வெட்டும் ஒரு நொதி இருப்பதாக எழுதினார். அப்போது அதைப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. மூளையைவிட இறைச்சியில்தான் அதற்கு முதல் மரியாதை கிடைத்தது. அமெரிக்காவின் ஐயோவா மாநிலம் மாடும் பன்றியும் வளர்க்கும் நாடு. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் டாரல் கோல் என்பவரின் குழு, கறி வெட்டிய பிறகு நாளாக ஆக ஏன் மெதுவாகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தது. 1972-ல் முயல் தசையைக் கால்சியம் கலந்த நீரில் வைத்துப் பார்த்தார்கள். தசை நாரில் குறுக்கே கோடு கோடாகத் தெரியும் இணைப்புகள் மறைந்து போயிருந்தன. தசை நாரை அறையறையாகக் கட்டி வைத்திருக்கும் சுவர்கள் அவை. சுவர் கரைந்தால் கறி மெதுவாகிறது.

புளியந்தோப்பு ஆடுதொட்டியிலிருந்து வரும் கறியைப் பற்றி அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அறுத்த சில மணி நேரத்தில் விறைத்துப் போகும். குளிரில் வைத்திருந்து எடுத்தால் தளர்ந்து வரும். விறைப்பு தளர்வதற்கு இந்த நொதிதான் முக்கியக் காரணம். உயிர் போன தசையில் கால்சியத்தைக் கட்டுப்படுத்த ஆளில்லை, அது கசிந்து பரவுகிறது, கத்தி வேலை தொடங்குகிறது. அமெரிக்காவில் நம் ஊர்த் திமில் மாடுகளின் வழிவந்த பிராமன் என்ற இனம் இருக்கிறது. அதன் கறி மற்ற மாடுகளைவிடக் கடினமாக இருக்கும். காரணம், இந்தக் கத்தியைத் தடுக்கும் இன்னொரு புரதம் அதன் தசையில் அதிகமாக இருப்பதுதான் என்று பிறகு கண்டுபிடித்தார்கள்.

பெயர் வைத்தவர்கள் ஜப்பானியர்கள். கியோட்டோ பல்கலைக்கழகத்தின் தகாஷி முராச்சி 1981-ல் இதற்குக் கால்பெயின் என்று பெயர் சூட்டினார். கால்சியத்தில் இருந்து "கால்", பப்பெயினில் இருந்து "பெயின்". தடுக்கும் புரதத்துக்குக் கால்பாஸ்டாட்டின் என்று பெயர். 1984-ல் ஜப்பானில் கோயிச்சி சுசுகியின் குழு இந்த நொதியின் அமைப்பை எழுத்தெழுத்தாகப் படித்தபோதுதான் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரிந்தது. ஒரு பாதி அப்படியே பப்பெயின் சாயல். மறு பாதி கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் வேறொரு புரதத்தின் சாயல். இரண்டு பழைய மரபணுக்கள் எப்போதோ ஒட்டிக்கொண்டு பிறந்த பிள்ளை இது.

வேலை செய்யும் விதத்தைப் பையனுக்குப் பாக்குவெட்டியை வைத்து விளக்கினேன். என் பாட்டியின் பாக்குவெட்டி இன்னும் வீட்டில் இருக்கிறது. இரண்டு கைகளும் விரிந்திருக்கும் வரை அதனால் எதையும் வெட்ட முடியாது. கால்பெயினிலும் வெட்டும் இடத்தின் ஒரு பாதி ஒரு பக்கமும் மறு பாதி இன்னொரு பக்கமும் விலகி நிற்கின்றன. கால்சியம் வந்து ஒட்டியதும் அவை நெருங்கி வருகின்றன. அப்போதுதான் வெட்டு விழும்.

செல்லுக்கு வெளியே கால்சியம் எவ்வளவு இருக்கிறதோ, அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே இருக்கும். உள்ளே வரும் கால்சியத்தைச் செல் இரவும் பகலும் வெளியே இறைத்துக்கொண்டே இருக்கிறது. தேவையான நேரத்தில் மட்டும் மதகைக் கொஞ்சம் திறந்து விடுகிறது. புழல் ஏரிக்கரையில் வாழ்கிறவர்களுக்கு மதகைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அளவாகத் திறந்தால் ஊருக்குத் தண்ணீர். கரை உடைந்தால் ஊரே இருக்காது. கால்பெயின் அளவாக வெட்டும்போது செல் நகர்கிறது, உருமாறுகிறது, பழுது பார்த்துக்கொள்கிறது. அது புரதத்தைச் சக்கையாக்குவதில்லை. ஓரிரு இடத்தில் வெட்டி வேறு வேலைக்குத் தயார் செய்கிறது. ஆனால் பக்கவாதம் வந்து மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் நின்றுபோனால், இறைக்கும் எந்திரங்கள் நின்றுவிடும். கால்சியம் வெள்ளமாக உள்ளே புகும். கால்பெயின் கட்டுப்பாடில்லாமல் செல்லின் சட்டகத்தையே வெட்டத் தொடங்கும். மாரடைப்பில் இதயத் தசைக்கு நடப்பதும் ஏறக்குறைய இதுதான்.

அதுவரை எல்லோரும் இந்தக் கத்தி அதிகமாக வெட்டினால்தான் ஆபத்து என்று நினைத்திருந்தார்கள். 1995-ல் அந்த எண்ணம் மாறியது.

மனிதனிடம் கால்பெயின் வகையில் மொத்தம் 15 மரபணுக்கள் இருக்கின்றன. அதில் மூன்றாம் எண் பெரும்பாலும் தசையில் இருப்பது. பிரான்சில் ழாக் பெக்மன் குழுவினர், இடுப்பிலும் தோளிலும் தசை தேய்ந்து நடக்க முடியாமல் போகும் ஒரு பரம்பரை நோயை ஆராய்ந்தார்கள். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவில் சில குடும்பங்களில் அந்த நோய் அதிகம் இருந்தது. ஒரு காலத்தில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து நம் ஆட்களைக் கரும்புத் தோட்டத்துக்கு ஏற்றிக்கொண்டு போன அதே தீவுதான். ஆனால் நோய் இருந்தது தமிழர்களிடம் இல்லை, தெற்கு மலைப்பகுதியில் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொண்டு வாழ்ந்த பிரெஞ்சு வம்சாவளியினரிடம். அவர்களின் கால்பெயின் 3 மரபணு பழுதாகியிருந்தது. கத்தி வேலை செய்யாவிட்டாலும் நோய் வரும் என்று அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

நம் நாட்டிலும் இது உண்டு. மும்பை நரம்பியல் மருத்துவர் சதீஷ் காடில்கரும் அமெரிக்காவில் இருக்கும் மரபியலாளர்களும் சேர்ந்து 2013-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அகர்வால் சமூகத்தில் இந்த நோய் உள்ளவர்களிடம், பல தலைமுறைக்கு முந்தைய மூதாதையரிடமிருந்து வந்த குறிப்பிட்ட மாற்றங்கள் கால்பெயின் 3-ல் இருப்பதாக அதில் காட்டினார்கள். சௌகார்பேட்டையில் தலைமுறைகளாக அகர்வால் குடும்பங்கள் வாழ்கிறார்கள் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். இதில் யாருக்கும் இழுக்கு இல்லை. தங்களுக்குள் மணம் செய்துகொள்ளும் எந்தச் சமூகத்திலும் ஏதோ ஒரு பழைய பிழை இப்படிச் சேர்ந்து வரத்தான் செய்யும். அக்கா மகளைக் கட்டிய குடும்பங்கள் நம்மிடம் எத்தனை!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தசை நோயில் அப்பாவிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதியும் பழுதாக வந்தால் நோய் வரும். என்ன சாப்பிட்டாலும், எவ்வளவு நடந்தாலும் வரும். "எழுதி வச்சது" என்று என் அண்ணன் மகன் சொன்னானே, அந்த வார்த்தை அங்கே பொருந்தும். அப்படிப்பட்ட இடத்தில் மரபணுச் சோதனை பெரிய உதவி.

இனிச் சர்க்கரைக்கு வருவோம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லையில், ஸ்டார் கவுண்டி என்ற பகுதி இருக்கிறது. மெக்சிகோ வம்சாவளி மக்கள். சர்க்கரை வியாதி அங்கே மிக அதிகம். கிரெய்க் ஹேனிஸ் என்ற ஆய்வாளர் பல வருடம் அங்கே வீடு வீடாகக் குடும்பங்களைப் பதிவு செய்தார். அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று, கூடப் பிறந்தவர்களில் இரண்டு பேருக்கு நோய் இருந்தால் அவர்களுக்குப் பொதுவாக இருக்கும் மரபுப் பகுதி எது என்று தேடினார்கள். 1996-ல் இரண்டாவது குரோமோசோமின் நுனியில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. அந்த இடத்தைத் தோண்டித் தோண்டி, சிகாகோவில் கிரேம் பெல்லின் குழு 2000-ல் ஒரு மரபணுவை எடுத்தது. அதுதான் கால்பெயின் 10.

சர்க்கரை நோயுடைய மரபணுவை இப்படிக் குருட்டுத்தனமாகக் குரோமோசோமில் தேடிப்பிடித்தது அதுவே முதல் தடவை என்றார்கள். ஆச்சரியம் என்னவென்றால், யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. இன்சுலினோடு சம்பந்தப்பட்ட ஏதாவது வரும் என்று பார்த்தால், புரதம் வெட்டும் கத்தி வந்து நிற்கிறது. அதிலும் இந்தப் பத்தாம் எண் கொஞ்சம் தனிப்பட்டது. கால்சியத்தைப் பிடிக்கும் அந்த வழக்கமான பகுதி இதற்குக் கிடையாது. கணையம் இன்சுலின் சுரப்பதிலும், தசை சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்வதிலும் இதற்குப் பங்கு இருக்கிறது என்று பிறகு வந்த சோதனைகள் காட்டின.

இன்னொன்றும் சொன்னார்கள். எனக்கு அதைப் படித்தவுடன் எங்கள் அம்மாவின் ஞாபகம்தான் வந்தது. ஸ்டார் கவுண்டியில் அதிக ஆபத்து யாருக்கு என்றால், ஒரு வகை வரிசையை ஒரு பெற்றோரிடமிருந்தும், வேறொரு வகை வரிசையை மற்றவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு. இரண்டும் சேர்ந்தால்தான் ஆபத்து கூடியது. "உங்க அப்பா வழி, உங்க அம்மா வழி" என்று நம் வீடுகளில் ஐம்பது வருடமாக நடக்கும் சண்டைக்கு அங்கே தீர்ப்பே இல்லை.

இந்தச் செய்தி வந்தவுடன் உலகத்தில் பல ஊர்களில் சோதித்துப் பார்த்தார்கள். அதில் ஒன்று நம் ராயபுரம்.

மேற்கு மாதா கோயில் தெருவில் இருக்கும் எம்.வி. நீரிழிவு மருத்துவமனையை வட சென்னையில் தெரியாதவர்கள் உண்டா? அதைத் தொடங்கியவர் பேராசிரியர் எம். விஸ்வநாதன். 1948-ல் ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கென்று தனியாக ஒரு பிரிவை ஆரம்பித்தவர் அவர்தான். அப்போது சர்க்கரை வியாதி பணக்காரர் வியாதி என்று பேசிக்கொண்டிருந்த காலம். மீன்பிடிப்பவர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் வந்து போகும் ஸ்டான்லியில் அதற்கென்று ஒரு பிரிவு வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே பெரிய விஷயம். 1954-ல் ராயபுரத்தில் சொந்த மருத்துவமனையைத் தொடங்கினார். பிறகு அதனோடு நீரிழிவு ஆராய்ச்சி மையமும் வந்தது.

அண்ணனை அங்கே நான் எத்தனையோ முறை அழைத்துப் போயிருக்கிறேன். விடிகாலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். பிறகு டப்பாவில் எடுத்துப் போன இட்லியைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருப்போம். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று எல்லா ஊர் முகங்களும் அங்கே இருக்கும். வரிசையில் நின்ற நாங்கள் அந்தக் கட்டடத்துக்குள் உலகத்துக்கே பாடம் சொல்லும் ஆராய்ச்சி நடக்கிறது என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

அங்கே ஆராய்ச்சி செய்தவர்கள் டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் டாக்டர் சி. சினேகலதாவும். லண்டனில் இருந்த பேராசிரியர் கிரஹாம் ஹிட்மன் குழுவோடு சேர்ந்து தென்னிந்தியர்களிடம் கால்பெயின் 10-ஐ ஆராய்ந்தார்கள். 2002-ல் முடிவு அமெரிக்க நீரிழிவு இதழில் வந்தது. அந்த மரபணுவின் சில சேர்க்கைகள் உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோயும், என் அண்ணன் மகனுக்கு வந்திருக்கும் அந்த "பார்டர்" நிலையும் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது அதன் சாரம்.

இதைக் கேட்டதும் பையன், "பாத்தீங்களா, நான் சொன்னது சரிதானே!" என்றான்.

"கதை இன்னும் முடியல, உக்காரு" என்றேன்.

அடுத்தடுத்த ஊர்களில் சோதித்தபோது ஒரு இடத்தில் தொடர்பு தெரிந்தது, இன்னொரு இடத்தில் தெரியவில்லை. 2006-ல் ஐஸ்லாந்துக்காரர்கள் டிசிஎஃப்7எல்2 என்ற வேறு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அது இந்தியர்களிடமும் வேலை செய்கிறது என்று அடுத்த வருடமே தெரிந்தது. அதன் பிறகு முழு மரபுத் தொகுப்பையும் ஒரே மூச்சில் அலசும் வசதி வந்தது. இன்று சர்க்கரையோடு தொடர்புள்ள இடங்கள் நூற்றுக்கணக்கில் பட்டியலாகியிருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் கால்பெயின் 10 பின்வரிசைக்குப் போய்விட்டது. முன்வரிசையில் இருக்கும் டிசிஎஃப்7எல்2-கூட, ஒரு பிரதி இருந்தால் ஆபத்தை ஒன்றரை மடங்கு அளவுக்குக்கூட உயர்த்துவதில்லை. கால்பெயின் 3 பழுதானால் வரும் தசை நோயோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அது விதி. இது வெறும் சாய்வு. தரை கொஞ்சம் சாய்வாக இருந்தால் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடும், உண்மைதான். ஆனால் தண்ணீரை ஊற்றுவது யார்?

இதற்கும் ராயபுரத்திலேயே பதில் இருந்தது. அதே ராமச்சந்திரன் குழு வருடக்கணக்கில் கணக்கெடுத்து வந்திருந்தது. 1980-களின் கடைசியில் சென்னையில் பெரியவர்கள் நூற்றுக்கு 8 பேருக்குச் சர்க்கரை இருந்தது. 1995-ல் அது 11.6 ஆயிற்று. 2000-ல் 13.5. 2006-ல் 18.6. கிராமத்தைப் பார்த்தால் 1989-ல் நூற்றுக்கு இரண்டைச் சற்றே தாண்டியிருந்தது, 2003-ல் ஆறைத் தாண்டிவிட்டது.

விலங்கியல் வாத்தியாராக இந்த எண்களை நான் பலமுறை படித்துப் பார்த்தேன். ஒரு மக்கள் கூட்டத்தின் மரபணு மாற எத்தனை தலைமுறை ஆகும்? பதினேழு வருடத்தில் மாறுமா? மாறாது. 1989-ல் நமக்கு என்ன ரத்தமோ அதே ரத்தம்தான் 2006-லும். அப்படியென்றால் மாறியது வேறு.

என்ன மாறியது என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமா? எங்கள் அப்பா தண்டையார்பேட்டையிலிருந்து துறைமுகத்துக்கு மிதிவண்டியில் போய் வந்தார். அண்ணனுக்கு வேலை நாற்காலியில், போக வர ஸ்கூட்டர். அவன் மகனுக்கு எல்லாமே கணினி முன்னால், சாப்பாடுகூட வாசலுக்கே வருகிறது. அப்பாவுக்கு 58 வயதில் வந்த சர்க்கரை, அண்ணனுக்கு 45-ல் வந்தது. இப்போது இவனுக்கு 39-ல் எட்டிப் பார்க்கிறது. மூன்று பேருக்கும் ஒரே ரத்தம். சாய்வு ஒன்றுதான், தண்ணீர்தான் ஒவ்வொரு தலைமுறைக்கும் அதிகமாகிக்கொண்டே வருகிறது.

கடைசியாக அவனுக்கு ஒரு ஆராய்ச்சியைச் சொன்னேன். இதுவும் ராமச்சந்திரன், சினேகலதா குழுவினர் செய்ததுதான். 2006-ல் வெளிவந்தது. பெயர் இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம். சர்க்கரை நோய் இன்னும் வராத, ஆனால் "பார்டரில்" இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் அலுவலகங்களில் வேலை செய்யும் நடுத்தரக் குடும்பத்தினர். அவர்களை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான பொது ஆலோசனை மட்டும். இன்னொரு பிரிவுக்கு உணவிலும் நடையிலும் மாற்றம்: சர்க்கரை, மைதா, எண்ணெய் குறைக்க வேண்டும், நார்ச்சத்து கூட்ட வேண்டும், தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும். மூன்றாம் பிரிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காம் பிரிவுக்கு இரண்டும்.

மூன்று வருடத்தில் முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 40 பேர் அளவுதான். இரண்டையும் செய்தவர்களுக்கு அதைவிடக் கூடுதல் நன்மை கிடைக்கவில்லை. அதாவது அரை மணி நேர நடையும் கட்டுப்பாடான சாப்பாடும் ஒரு மாத்திரைக்குச் சமமாக வேலை செய்திருக்கின்றன.

சீனாவிலும் பின்லாந்திலும் அமெரிக்காவிலும் இதே போன்ற ஆராய்ச்சிகள் இதற்கு முன்பே நடந்திருந்தன. அவை வேறு உடம்பு, வேறு சாப்பாடு என்று நாம் தட்டிக் கழித்திருக்கலாம். இந்த 531 பேரும் இட்லியும் சோறும் சாப்பிடும் நம் ஆட்கள். நம்மைப் போலவே அவர்களுக்கும் அப்பாவோ அம்மாவோ சர்க்கரைக்காரர்களாக இருந்திருப்பார்கள். ரத்தத்தில் என்ன எழுதியிருந்ததோ அதை யாரும் அழிக்கவில்லை. ஆனாலும் பலருக்கு நோய் வராமல் நின்றது, அல்லது தள்ளிப்போனது.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நடந்தவர்களிலும் 39 பேருக்கு வந்ததே! அதையும் பையனிடம் மறைக்கவில்லை. "நடந்தா வராதுன்னு நான் உனக்குச் சத்தியம் பண்ண மாட்டேன்டா. அந்தச் சத்தியத்த யாராலயும் பண்ண முடியாது. ஆனா ஒண்ணும் பண்ண முடியாதுன்னு உங்க அப்பா சொன்னாரே, அது தப்பு. அவருக்கு இத உக்கார வச்சுச் சொல்ல அப்ப எனக்குத் தெரியல" என்றேன்.

அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் கம்மிவிட்டது. அண்ணன் காலமானது 2009-ல். இந்த ஆராய்ச்சி வந்து மூன்று வருடம் கழித்து. நாங்கள் இட்லி டப்பாவோடு காத்திருந்த அதே ராயபுரத்து ஆட்கள் செய்த ஆராய்ச்சி. தினமும் செய்தித்தாள் படிக்கிற, விலங்கியல் நடத்துகிற வாத்தியாருக்கே அது தெரியவில்லை. அவருக்கு அப்போது நோய் முற்றியிருந்தது, பார்டரைத் தாண்டிப் பல வருடம் ஆகியிருந்தது, அதனால் அவர் விஷயத்தில் பெரிதாக மாறியிருக்காது என்று என்னை நானே சமாதானம் செய்துகொள்கிறேன். ஆனால் அப்போது இருபதுகளில் இருந்த அவர் மகனுக்காவது நான் சொல்லியிருக்கலாம்.

பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்ப அந்த ஜீன் டெஸ்ட் வேணாம்ங்கறீங்களா?" என்று கேட்டான்.

"எடுக்காதேன்னு சொல்லல. காசு உன்னோடது. ஆனா அதுல இருக்குன்னு வந்தாலும் டாக்டர் நடன்னுதான் சொல்வார். இல்லேன்னு வந்தாலும் நடன்னுதான் சொல்வார். அப்புறம் அது எதுக்கு?"

அவன் பதில் சொல்லவில்லை. போகும்போது என் மனைவி கொடுத்த காபியில் சர்க்கரை வேண்டாம் என்றான். ஒரு நாள் வேண்டாம் என்பது பெரிதில்லை என்று எனக்குத் தெரியும், இருபது வருட அனுபவம். மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. "ரோட்டுல தனியா நடக்க வெக்கமா இருக்கு சித்தப்பா, நீங்களும் வாங்க" என்று நின்றான்.

இப்போது வாரத்தில் நான்கு நாள் வருகிறான். மூன்று நாள் வருவதில்லை. ஏரிக்கரை ஓரமாகப் போய்த் திரும்புகிறோம். எனக்கு மூட்டு வலி, மெதுவாகத்தான் நடக்க முடியும். அவன் கொஞ்சம் முன்னால் போய்விட்டு நின்று திரும்பிப் பார்ப்பான். நடையில் அவன் அப்பாவேதான்.

அடுத்த ரத்தப் பரிசோதனை சித்திரையில்.